கிறக்கம் என்றான், போதை என்று எழுதினேன்

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டான் என்று எழுதியவள் நான்.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் எனக்குச் சாமர்த்தியம் வந்துவிடும். குடிக்காத ஒருவனைக் குடித்திருந்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் குடிக்கவில்லை என்பது மூன்று வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் திருத்தவில்லை. அது மட்டுமா... தெரிந்த பிறகு, அவன் முகத்தைப் பார்த்தே ஒரு பொய்யும் சொன்னேன்!

அறியாமல் செய்த பிழைதானே என்று நீங்கள் சமாதானம் சொல்ல வருவீர்கள். அவசரப்படாதீர்கள். கடைசிவரை படித்துவிட்டு, அப்போதும் அப்படித் தோன்றினால் சொல்லுங்கள்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை டிகிரி முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று கையேடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். அப்படியானால் எங்கள் துறையின் கையேட்டையும் பார்த்திருப்பீர்கள். உடல்நலமும் நல்வாழ்வும், இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. அதன் கடைசிப் பக்கத்தில் 'வேலைவாய்ப்புகள்' என்றொரு பத்தி இருக்கிறதே, அதை எழுதியது நான்தான். மருத்துவமனை, தொண்டு நிறுவனம், பள்ளிக்கூடம், உடற்பயிற்சிக்கூடம், தொழிற்சாலை... ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் அந்தப் பத்தியை நம்பாதீர்கள். எழுதியவளை எனக்குத் தெரியும்.

அந்தப் படிப்பில் நான் சேர்ந்தபோது அது புதிதாகத் தொடங்கிய துறை. எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. படப்பையிலிருந்து ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது. வீட்டில் என் படிப்பை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"டாக்டருக்காடி?" என்றாள் அம்மா.

"இல்ல."

"நர்ஸுக்கா?"

"இல்லம்மா."

"ரெண்டும் இல்லன்னா இன்னாதான் படிக்கிற? பஸ் பாஸ் எடுத்துக்கினு தெனம் போறியே!"

நோய் வந்த பிறகு பார்ப்பவர் மருத்துவர், வராமல் பார்ப்பவர்கள் நாங்கள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அம்மா நம்பவில்லை. இன்று யோசித்தால் அவள்தான் சரி.

படிப்பில் நான் கெட்டிக்காரி. தொழிலகச் சுகாதாரம் என்றொரு தாள் உண்டு. பெயின்ட், தின்னர் போன்றவற்றின் ஆவியைச் சுவாசிப்பதால் வரும் அறிகுறிகளை எழுதுக என்று கேட்டிருந்தார்கள். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தள்ளாட்டம், குழறிய பேச்சு... வரிசையாக எழுதினேன். எல்லாம் ஆங்கிலத்தில். 'குடிபோதை என்று தவறாகக் கருதப்பட வாய்ப்புண்டு' என்றுகூட எழுதினேன்! அதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். வகுப்பிலேயே அந்தத் தாளில் நான்தான் முதல்.

இதை மறந்துவிடாதீர்கள். தெரியாமல் செய்தேன் என்று நான் நழுவப் பார்க்கும்போது எனக்கு நினைவுபடுத்துங்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரகடத்தில் வேலை கிடைத்தது. வண்டிகளுக்கான இரும்புப் பாகங்கள் செய்து பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பும் ஆலை. பெயர் வேண்டாம். அன்று செடியும் புதரும் மண்டிய மனைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கூரைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எனக்கு 'நல்வாழ்வு அலுவலர், பயிற்சி' என்று பதவி. முதலுதவி அறையில் ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு பீரோ. மருத்துவர் செவ்வாயும் வியாழனும் வருவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம்.

என் கையில் ஒரு சிலிப் புத்தகம் கொடுத்தார்கள். லைனிலிருந்து உடம்பு சரியில்லை என்று வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சிலிப். அதில் மூன்று கட்டங்கள். ஃபிட், ரெஸ்ட், ரெஃபர். ஃபிட் என்றால் திரும்பி லைனுக்குப் போக வேண்டும். ரெஸ்ட் என்றால் அறையில் படுக்கலாம். ரெஃபர் என்றால் வெளியே ஆஸ்பத்திரிக்கு. கீழே 'குறிப்பு' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் பிறகு எல்லாவற்றையும் தின்றது.

பர்சனல் மேனேஜர் வரதன் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். "இங்க வர்றதுல பாதிப் பேரு டிராமா மேடம். உங்க வேலை வைத்தியம் பாக்கறது இல்ல. எவன் நெஜம், எவன் டூப்புன்னு பாக்கறது."

நல்வாழ்வு படித்துவிட்டு இதற்கா வந்தோம் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளுக்குள் ஒரு குதூகலம்தான் வந்தது. ஏனென்றால் அந்த வேலை எனக்கு நன்றாக வரும்! எட்டு வயதிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அப்பா குடிப்பார். குடிக்கவில்லை என்பார். சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் அம்மா சமையலறையிலிருந்து என்னை அனுப்புவாள். "போ, அப்பாவுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு வா." நான் போய்க் கன்னத்தில் முத்தம் கொடுப்பேன். கொடுக்கும்போதே மூச்சை இழுத்து மோந்து பார்ப்பேன். திரும்பி வந்து அம்மாவிடம் ஆம் என்றோ இல்லை என்றோ தலையசைப்பேன். அப்பா என் தலையைத் தடவிக்கொண்டிருப்பார், பாவம். மகளுக்குத் தன்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார்.

இதை ஏன் சொல்கிறேன்? இரக்கம் சம்பாதிக்கவா? இருக்கலாம். என்னையே நான் நம்பாததால் அதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆலையில் என் பெயர் பரவ அதிக நாள் ஆகவில்லை. வயிற்றுவலி என்று வந்தவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வயிற்றை அழுத்துவேன். வலிக்கிற இடம் மாறினால் ஃபிட். காய்ச்சல் என்று வந்தவன் வாயில் வைத்த வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். டீயைக் குடித்துவிட்டு வந்து வைத்தவர்கள் இருந்தார்கள், உண்மைதான். நாலு பேரைப் பிடித்தேன். அந்த நாலு பேரால் நானூறு பேரையும் அப்படியே பார்த்தேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். காமாலையைப் பற்றி இரண்டு வருடம் படித்தவள் நான்!

அவன் பெயர் இசக்கிமுத்து. நாங்குநேரிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து, எங்கள் ஊரிலேயே ஒரு வாடகை அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தான். கான்ட்ராக்ட் ஆள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்புப் பாகங்களைத் தின்னரில் நனைத்த துணியால் துடைக்கும் வேலை. 'அவன்' என்று எழுதுகிறேன்... என்னைவிட இரண்டு வயதுதான் இளையவன். அவர் என்று எழுதினால் இப்போது எனக்கே பாசாங்காகப் படுகிறது.

ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"என்னப்பா பண்ணுது?"

"என்னன்னு தெரியல மேடம். காலைலருந்தே ஒரு மாரி கிறக்கமா இருக்கு. நிக்க முடியல."

"என்னமா இருக்கு?"

"கிறக்கமா வருது மேடம்."

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் உடம்புக்குச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த கிறக்கம் இரண்டுதான். ஒன்று காதலில் வருவது, இன்னொன்று சாராயத்தில் வருவது. முன்னது தொழிற்சாலையில் காலைப் பத்து மணிக்கு வராது.

எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன துணிச்சல்! தானாகவே சொல்கிறானே!

முதலுதவி அறையில் எனக்கு உதவிக்கு லோகநாதன் என்று ஒருவர் இருந்தார், ஒரகடத்துக்காரர். அவர் வாசலிலிருந்தே சொன்னார். "நேத்து ஞாயித்துக்கெயம மேடம். நல்லா ஏத்திக்கினு வந்துகீறான். வாட கொமட்டுது பாரு."

"வாயை ஊது."

அவன் திகைத்தான். "குடிக்க மாட்டேன் மேடம்."

"ஊதுப்பா!"

ஊதினான். நான் குனிந்து முகர்ந்தேன்.

இங்கேதான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். வாடை இருந்தது. காரமாக, இனிப்பாக, நகப்பூச்சுப் பாட்டிலைத் திறந்ததுபோல. அது சாராய வாடை இல்லை. பிராந்தி வாடையும் இல்லை. எட்டு வயதிலிருந்து பழகிய மூக்கு... அதற்குத் தெரியாதா? ஒரு கணம், ஒரே ஒரு கணம், இது வேறு என்று தோன்றியது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு நொடியில் என்னைச் சந்தேகப்படவில்லை. ஏதோ புது சரக்கு என்று முடிவுகட்டினேன்.

ரெஃபர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்திருக்கலாம். ரெஸ்ட் போட்டு மறுநாள் மருத்துவரிடம் காட்டியிருக்கலாம். நான் எந்தக் கட்டத்தையும் தொடவில்லை. குறிப்பு என்ற வரியில் ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'போதையில் இருப்பதை ஒப்புக்கொண்டார்.'

அவன் என்ன சொன்னான் என்பதை நான் எழுதவில்லை. எனக்கு என்ன கேட்டது என்பதையும் எழுதவில்லை. ஒப்புக்கொண்டார் என்று எழுதினேன். அந்தச் சொல்லை யார் எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள்? படிப்பா, வரதனா, அம்மாவா...

மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவனுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு விசாரணை, விளக்கம் என்றெல்லாம் கிடையாது. அடுத்த வாரம் அவனை டிரெய்னியாக எடுப்பதாக இருந்தார்களாம், பிறகு கேள்விப்பட்டேன். அவன் கேட்டைத் தாண்டிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு இடத்தில் நின்று வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பார், தள்ளாட்டம் இன்னும் தீரவில்லை என்று லோகநாதனிடம் சொன்னேன். ஐயோ, சொன்னேனே!

மூன்று வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, கேன்டீனில் வேலை செய்யும் பேச்சியம்மாள் வந்தாள். தென்காசிக்காரி. வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவள். நெற்றி நிறையத் திருநீறு. வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல மேடம். கிறக்கமா வருது."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது.

"அப்படின்னா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "கிறக்கம் தெரியாதா மேடம்? தலை கிர்ருன்னு சுத்தும்லா, கண்ணு இருட்டிக்கிட்டு வரும்லா, அதான். எங்க ஊர்ல பச்சப் பிள்ளகூடச் சொல்லும்."

அவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். அவளை நான் ஊதச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? திருநீறு பூசிய பெண்ணின் கிறக்கம் வேறு, சிவந்த கண்ணோடு வந்த தெற்கத்திப் பையனின் கிறக்கம் வேறு என்று என் படிப்பு எனக்குச் சொல்லியிருந்தது.

அவள் போனதும் எழுந்து பெயின்ட் பிரிவுக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்த ஏழு மாதத்தில் அங்கே போனது அதுதான் முதல் தடவை. துடைக்கும் அறை பின்னால் ஒதுக்குப்புறமாக இருந்தது. கதவைத் திறந்ததுமே அந்த வாடை முகத்தில் அறைந்தது. அதே நகப்பூச்சு. அவன் மூச்சில் இருந்த அதே வாடை! காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறி ஓடவில்லை. அதன் பெல்ட் அறுந்து கீழே கிடந்தது. அறுந்த பெல்ட்டின் மேல் தூசி படிந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"விசிறி எத்தனை நாளா ஓடல?"

"மாசக்கணக்கா ஓடல மேடம். இசக்கி இருந்தப்பவே சொல்லிக்கிட்டிருந்தான், யாரு கேக்கா?" என்றான் ஒருவன்.

வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கே தலை சுற்றியது. கிறக்கம்... அந்தச் சொல் எவ்வளவு சரியாக இருந்தது!

இனி நான் செய்ததைக் கேளுங்கள்.

அன்றே உட்கார்ந்து இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். தேர்வில் எழுதியதுபோலவே, வரிசை மாறாமல். தின்னர் ஆவி, அறிகுறிகள், விசிறி, முகமூடி, வேலை நேரத்தை மாற்றிவிடுதல். வரதன் படித்துவிட்டு ஆச்சரியப்பட்டார். ஒரு வாரத்தில் விசிறி ஓடியது. முகமூடிகள் வந்தன. பாதுகாப்பு வாரத்தில் என்னை மேடையில் ஏற்றிச் சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். புகைப்படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். வேலையும் நிரந்தரமானது.

அறிக்கையில் இசக்கிமுத்துவின் பெயர் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்தில், 'சிலர் அசௌகரியம் தெரிவித்தனர்' என்று எழுதினேன். அவன் பெயரை எழுதினால் அவன் சிலிப்பை எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்தால் அதில் என் கையெழுத்து இருக்கும். எவ்வளவு கவனமாக இருந்தேன் பாருங்கள்! மற்றவர்களின் மூச்சுக்கு நல்லது செய்தேனே என்று அந்த வாரம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடிகாரம் வாங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். மேல்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டு, ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலில் வந்து இறங்கினேன். மாலை ஐந்து மணி. ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் ஏறப் போனேன்.

"மேடம்!"

இசக்கிமுத்து. மெலிந்திருந்தான். சட்டையை மட்டும் ஒழுங்காக இஸ்திரி போட்டிருந்தான். படப்பைப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை பார்ப்பதாகச் சொன்னான். கேட்ட இடத்திலெல்லாம் பழைய கம்பெனியில் விசாரித்துவிட்டுக் கையை விரித்தார்களாம். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அந்த சிலிப்புல நான் ஒத்துக்கிட்டதா எழுதியிருக்குன்னு சொல்லுதாங்க. நான் என்ன மேடம் ஒத்துக்கிட்டேன்?"

அவன் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். அத்தனை வாரமும் தான் என்ன சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

எனக்குப் பதில் தெரியும். அந்தச் சொல்லின் பொருளும் தெரியும். பேச்சியம்மாள் சொல்லியாகிவிட்டது, விசிறியைப் பார்த்தாகிவிட்டது, கடிகாரம் என் வீட்டுச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு, நான் சொன்னேன்:

"நீதானப்பா சொன்ன, கிறக்கமா இருக்குன்னு."



"ஆமா மேடம்... சொன்னேன்." பிறகு மெதுவாக, "அப்படிச் சொல்லக் கூடாதா மேடம்?" என்றான்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் பேசும்போது ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்று அவன் தன்னையே நொந்துகொள்வது அவன் முகத்தில் தெரிந்தது. என் குற்றத்தை அவன் தன் நாக்கின் மேல் போட்டுக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்!

"வேல போனா போட்டும் மேடம். ஊர்க்காரப் பய ஒருத்தன் போய் எங்கம்மகிட்ட சொல்லிட்டான், குடிச்சுட்டு வேலைக்குப் போய் தொரத்திட்டாங்கன்னு. எங்கப்பா குடிச்சே செத்தவரு. பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்லி அனுப்புதா. நீங்க ஒரு வார்த்த பேசுங்க மேடம். அவன் குடிக்கலம்மான்னு ஒரு வார்த்த. நீங்க படிச்சவங்க, சொன்னா நம்புவா."

ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எண்ணை எழுதி நீட்டினான். எதிரிலேயே எஸ்.டி.டி. பூத் இருந்தது. மஞ்சள் எழுத்துப் பலகை, உள்ளே யாருமில்லை. பத்தடி தூரம். இரண்டு நிமிஷம். குடிக்கவில்லை அம்மா, தப்பு என்னுடையது... நாலே சொல்!

ஆனால் சொன்னால் அது அவன் ஊருக்குப் போகும். அங்கிருந்து ஊர்க்காரப் பயல் வழியாக ஆலைக்கு வரும். விண்ணப்பம் என் பையில் இருந்தது. அதோடு இணைக்க வரதனின் சான்றிதழ் வேண்டியிருந்தது. இவ்வளவையும் அந்த ஒரு கணத்தில் கணக்குப் போட்டேன். இதில் இன்னும் கேவலம் ஒன்று இருக்கிறது. இவன் நிஜமாகவே அம்மாவிடம் பேசத்தான் கேட்கிறானா, என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறானா என்றும் சந்தேகப்பட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சந்தேகப்பட்டேன்!

"பேசறேன்," என்றேன். டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அவன் கும்பிட்டான்.

நான் பேசவில்லை.

அடுத்த நாள் பேசலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரம். மேல்படிப்பில் இடம் கிடைத்த பிறகு... வேலையை விட்ட பிறகு... ஆராய்ச்சியில் சேர்ந்து, அதே துறையில் விரிவுரையாளராக உட்கார்ந்த பிறகு, ஒரு மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? நிம்மதியாக இருந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வந்தேன்.

குடோனிலும் ஒரு தடவை விசாரித்தேன். அப்படி ஒருவன் இருந்தான், போய்விட்டான் என்றார்கள். ஊருக்கா என்றதற்கு, ஊருக்குப் போவதாகத் தெரியவில்லை என்றார் அங்கிருந்தவர். அவன் அம்மா அவனிடம் பேசினாளா, பேசாமலே இருந்துவிட்டாளா... எனக்குத் தெரியாது. அவன் உடம்பு என்ன ஆயிற்று என்றும் தெரியாது. எத்தனை மாதம் அந்தக் காற்றைக் குடித்தான் என்று கேட்க வேண்டிய நான், வாயை ஊதத்தானே சொன்னேன்.

ஒவ்வொரு வருடமும் முதலாமாண்டு மாணவர்களுக்கு அந்த விசிறியின் கதையை வகுப்பில் சொல்கிறேன். நல்ல பாடம் அது. பயிற்சி பெற்ற ஓர் அலுவலர் ஒரு வாடையைக் கவனித்து ஒரு பிரிவையே காப்பாற்றினார் என்று சொல்வேன். பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து கேட்டாள், "மேடம், அந்த வாடையை அவங்க முதல்ல எங்க கவனிச்சாங்க?" நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி அடுத்த தலைப்பை எழுதினேன். அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று அந்தப் பருவம் முழுக்க அவள் கண்ணைப் பார்க்காமல் தவிர்த்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எவ்வளவு பழைய பேச்சு!

சேர்க்கை நாளில் பெற்றோர்கள் வருவார்கள். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் மேடம் என்பார்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். தொழிற்சாலைகளில் இப்போது நிறையத் தேவை என்பேன். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன, உங்கள் பிள்ளைக்கு வேலை நிச்சயம் என்பேன். அது உண்மை. அந்தப் பிள்ளையின் கையிலும் ஒரு சிலிப் புத்தகம் கொடுப்பார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இதை எழுதத் தொடங்கியதற்குக் காரணம் போன வாரம் நடந்தது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி. திருநெல்வேலியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவள். நின்றுகொண்டிருந்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. நான் ஓடிப் போய்த் தாங்கி உட்கார வைத்தேன்.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்ணுமில்ல மேடம்... லேசா கிறக்கம்."

எத்தனை வருடமாக அந்தச் சொல்லைச் சுமக்கிறேன்! அதன் பொருள் தெரியாத ஒரே ஒரு நாளுக்காக என் வாழ்நாள் முழுவதையும் நொந்துகொண்டிருக்கிறேன். இந்த முறை எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறக்கச் சொல்ல வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். எல்லாம் செய்தேன். அவள் நன்றி மேடம் என்றுகூடச் சொன்னாள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவள் அந்தச் சொல்லைச் சொன்ன அந்த நொடியிலேயே, நான் குனிந்து அவள் மூச்சை முகர்ந்து பார்த்தேன்.